ஆங்கிலப் பாடத்தில் நம் பிள்ளைகள் ஏன் பின்தங்க வேண்டும்?

பேராக்கில் ஒரு தோட்டம். பெயர் இங்கே வேண்டியதில்லை. தோட்டம் கைமாறிய சமயத்தில், அங்கே பல ஆண்டுகளாகப் பால்மரம் சீவி வந்த தொழிலாளி ஒருவரிடம் ஆங்கிலக் கடிதம் ஒன்று கொடுக்கப்பட்டது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டு சென்று, நான்காம் படிவத்தில் படிக்கும் தம் மகனிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா" என்றார். பையன் ஓரிடத்திலும் தடுமாறாமல் வாசித்தான். தாயாருக்கும் தகப்பனாருக்கும் பெருமை தாங்கவில்லை. "புது முதலாளி வேலை கொடுக்கிறாராம்பா. ஏழு நாளுன்னும் ஏதோ போட்டிருக்கு" என்றான். கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைக்கப்பட்டது.

ஆறாம் நாள் அவர் வேறொரு காரியமாகச் சங்க அலுவலகத்துக்கு வந்தபோது கடிதத்தையும் காட்டினார். ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் கொடுத்தாலன்றி, புதிய முதலாளி தரும் வேலையை அவர் மறுத்துவிட்டதாகவே கொள்ளப்படும் என்று அதில் கண்டிருந்தது. அன்றே பதில் எழுதி அனுப்பினோம். 'அன்லெஸ்' என்ற ஒரு சிறு சொல்லிலே அந்தக் குடும்பத்தின் சோறு தொங்கிக் கொண்டிருந்தது. பையன் அந்தச் சொல்லை வாசித்தான். அதன் பொருளை வாசிக்கவில்லை.

பையனை நாம் குறை கூறவில்லை. அவன் ஆங்கிலப் பாடத்தில் தேறி வந்தவன்தான். கட்டுரைகளை மனப்பாடம் செய்து எழுதியவன்தான். அப்படியிருந்தும் தகப்பனார் வாழ்வைப் பற்றிய ஒரு பக்கக் கடிதம் அவனுக்கு விளங்கவில்லை என்றால், நாம் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கும் பயிற்சியில் எங்கோ கோளாறு இருக்கிறது. அதைத்தான் இவ்வாரம் பேச விரும்புகிறோம்.

"சம்பளம், வீடு, போனஸ் என்று பேசவேண்டிய பத்திரிகைக்கு ஆங்கில இலக்கணம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குச் சட்டத்தைக் காட்டுகிறோம். 1980ஆம் ஆண்டின் வேலைநீக்க நஷ்டஈட்டு விதிகளின்படி, தொழில் கைமாறும்போது புதிய முதலாளி ஏழு நாட்களுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வராவிட்டால், தொழிலாளி வேலைநீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். அவருக்கு நஷ்டஈடு உண்டு. வேலை தர முன்வந்தும், தக்க காரணமின்றித் தொழிலாளி மறுத்தால் நஷ்டஈடு கிடையாது. சேவை இரண்டாண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் ஆயின் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆயின் 20 நாள். இருபத்தைந்து ஆண்டு மரம் சீவியவருக்கு 500 நாள் சம்பளம் ஆகிறது. மேலே சொன்ன கடிதத்தின் நிபந்தனை சட்டத்தின் முன் நிற்குமா என்பது வேறு வழக்கு. வழக்காடுவதற்கும் முதலில் கடிதம் விளங்க வேண்டுமல்லவா?

நம் சம்பள ஒப்பந்தங்களிலும் இதே கதைதான். 'ஷால்' என்று எழுதினால் முதலாளி செய்தே தீர வேண்டும். 'மே' என்று எழுதினால் செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் விடலாம். இந்த வேறுபாடு அறியாதவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்த வேண்டியதுதான். பள்ளியில் 'வாசித்துப் புரிந்துகொள்ளுதல்' என்று எதைச் சோதிக்கிறார்களோ, அதைத்தான் உலகமும் தொழிலாளியிடம் சோதிக்கிறது.

ஆங்கிலம் நமக்கு எட்டாமல் போனது நம் மூளையின் குற்றமல்ல. ஈப்போவில் 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளி தோன்றியது. 1909இல் ஆண்டர்சன் பள்ளியும் 1912இல் செயிண்ட் மைக்கேல் பள்ளியும் வந்தன. அவை நகரத்துப் பள்ளிகள். கட்டணம் கட்டக் கூடியவர்களின் பிள்ளைகள் போனார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கோ, ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதன்படி ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கிடைத்தாலே பெரிது. அந்தத் தோட்டப் பள்ளிதான் நமக்குத் தமிழ் கொடுத்தது. அந்தக் கடனை நாம் மறவோம். ஆனால் ஆங்கிலம் துரை பங்களாவிலும் ஆபீசிலுமே குடியிருந்தது. செக்ரோலில் பெயர் எழுதுகிறவர் ஆங்கிலம் அறிந்தவர். பெயர் எழுதப்படுகிறவர் அறியாதவர். தோட்டத்தில் மேல் கீழ் என்ற பிரிவினைக்கு அந்த மொழியும் ஒரு வேலியாக நின்றது.

பிறகு திட்டங்கள் பல வந்தன. 1956இல் ரசாக் அறிக்கை மலாய், ஆங்கிலம் இரண்டையும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக்கியது. 1965 முதல் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தேர்வுத் தடையின்றி இடைநிலைப்பள்ளிக்குப் போக வழி திறந்தது; புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து புது மொழிக்குப் பழகினார்கள். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்ப் பள்ளிகளாயின. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கத் தொடங்கின. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவாயிற்று. மேலிடத்தில் ஒவ்வொரு முறை முடிவு மாறும்போதும், வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நம் பிள்ளைதான் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஈடு கொடுத்தான்.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022இல் பி.டி.3 தேர்வும் எடுக்கப்பட்டன. பிஞ்சு வயதில் சோதனைப் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் பிள்ளையின் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டிய இரண்டு விளக்குகளும் அணைந்தன. அதன்பின் வந்த பிள்ளைகளில் பலருக்கு எஸ்.பி.எம். தான் முதல் பொதுச் சோதனை. பதினேழு வயதில் 'ஆங்கிலம் போதாது' என்று தெரிந்து என்ன செய்வது?

அந்தச் சோதனையில் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 முதல் நடைமுறைக்கு வந்த அமைப்பில் ஆங்கிலத்துக்கு நான்கு தாள்கள்: வாசிப்பும் மொழிப் பயன்பாடும், எழுத்து, பேச்சு, கேட்டல். முதல் தாளில் ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்விகள். அவற்றில் பத்து, பத்தியில் விட்டுப்போன சொல்லைத் தேர்ந்தெடுப்பவை. மற்றவை யாவும் வாசித்துப் பொருள் காண்பவை. இரண்டாம் தாளில் 80 சொற்களில் ஒரு சிறு மடல், 125 முதல் 150 சொற்களில் ஒரு கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் இன்னொன்று. இலக்கண விதியை ஒப்பிக்கச் சொல்லும் கேள்வி ஒன்றும் இல்லை. இலக்கணத்தைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆங்கிலத்தில் தேறாவிட்டாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்கும், மலாயிலும் வரலாற்றிலும் தேறினால் போதும். 2016 முதல் ஆங்கிலத் தேர்ச்சியையும் கட்டாயமாக்கப் போவதாகச் சொன்னார்கள். 2015இல் அது ஒத்திவைக்கப்பட்டது. இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கைகழுவிவிடுகிறார்கள். சட்டம் விட்டுக் கொடுக்கும். வேலை கொடுப்பவர் விட்டுக் கொடுப்பாரா? பல்கலைக் கழகம் போக விரும்பினால் அங்கே மூவெட் என்னும் ஆங்கிலச் சோதனை வாசலில் நிற்கிறது.

அப்படியானால் எப்படிப் பயிற்சி செய்வது? மூன்று பகுதிகளாகச் சொல்கிறோம்.

முதலாவது இலக்கணம். நம் பிள்ளைகள் அதிகமாகச் செய்யும் பிழை, 'ஹீ கோஸ்' என்பதை 'ஹீ கோ' என்றும், நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோலவும் எழுதுவது. பள்ளியிலும் விளையாட்டுத் திடலிலும் நாள் முழுதும் மலாய் பேசும் பிள்ளைக்கு இது இயற்கை. மலாயில் 'பெர்கி' என்ற சொல், போகிறவர் ஒருவரானாலும் பலரானாலும், நேற்றானாலும் நாளையானாலும் மாறாது. ஆனால் தமிழில் அப்படியா? அவன் போகிறான், அவள் போகிறாள், அவர்கள் போனார்கள் என்று ஆளுக்கும் காலத்துக்கும் சொல் மாறுகிறது. வினை மாறவேண்டும் என்ற அறிவு பிள்ளையிடம் தாய்ப்பாலோடு வந்திருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டினால் ஆங்கில விதி எளிதில் பிடிபடும். தன் வீட்டைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதட்டும். அவற்றையே நேற்று நடந்ததாக மாற்றட்டும், ஒருவரைப் பலராக்கட்டும், கேள்வியாக்கட்டும். பத்து வாக்கியம் நாற்பதாகும். அச்சிட்ட பயிற்சிப் புத்தகம் வாங்கக் காசில்லாத வீட்டிலும் இது நடக்கும்.

இரண்டாவது சொல்வளம். யாருக்கும் தெரியாத பெரிய சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது வீண். சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் படிக்க வேண்டும். 'எம்ப்ளாய்' என்றால் வேலைக்கு வைத்துக்கொள்வது, 'எம்ப்ளாயர்' வேலை கொடுப்பவர், 'எம்ப்ளாயீ' வேலை செய்பவர், 'எம்ப்ளாய்மெண்ட்' வேலை. ஒரு வேர் தெரிந்தால் நான்கு கிளை கிடைக்கிறது. கடைசி ஒலி மாறினால் முதலாளி தொழிலாளி ஆகிவிடுகிறார்! கடைக்காரர் கடன் எழுதும் 555 நோட்டுப் புத்தகம் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒன்றை வாங்கி, நாளொன்றுக்கு ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் பிள்ளை தானே அமைத்த ஒரு வாக்கியம் என்று எழுதச் சொல்லுங்கள். வாரத்தில் ஆறு நாள் எழுதினால் முப்பது சொல். நாற்பது வாரத்தில் 1,200 சொல். கடன் புத்தகத்தில் ஏறுவது கடன். இந்தப் புத்தகத்தில் ஏறுவது சொத்து.

மூன்றாவதும் முக்கியமானதும் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். இங்கேதான் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 'நேற்றுச் சந்தையில் நான் பார்த்த பையன்' என்று சொல்லும்போது, தமிழில் வருணனை முழுதும் முன்னே வந்து, பையன் கடைசியில் வருகிறான். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுகிறான். 'ஹூ', 'விச்', 'தட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருணனை நீண்டுகொண்டே போகிறது. பையன் என்ன செய்தான் என்ற வினை வருவதற்குள் பிள்ளை வழி தவறிவிடுகிறான். இதற்கு மருந்து எளிது. அந்தச் சொல் தொடங்கி வருணனை முடியும் வரை பென்சிலால் ஒரு கூடு போடட்டும். கூட்டை நீக்கி மீதியை வாசிக்கட்டும். வாக்கியம் தானே தெளியும்.

அடுத்து, இணைப்புச் சொற்களைக் கவனிக்க வேண்டும். 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'எக்ஸெப்ட்', 'ஒன்லி', 'நாட் லேட்டர் தேன்' போன்ற சொற்கள் சிறியவை. ஆனால் வாக்கியத்தையே திருப்பிப் போடுபவை. சோதனையில் தவறான விடைகளைப் பெரும்பாலும் இவற்றின் பக்கத்தில்தான் மறைத்து வைக்கிறார்கள். கடைசியாக, விடை எழுதியதும், 'இதற்கு ஆதாரம் எந்த வரியில் இருக்கிறது?' என்று பிள்ளையைக் கேட்க வேண்டும். வரியைத் தொட்டுக் காட்ட முடியாத விடை, ஊகித்து எழுதிய விடை.

இவையெல்லாம் ஒரே இரவில் வருபவை அல்ல. மரம் சீவும் நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் ஆழமாக வெட்டினால் பால் அதிகம் வராது. மரத்தில் காயம்தான் விழும். மெல்லிய பட்டையாக, முறை தவறாமல் சீவினால்தான் மரம் பல ஆண்டு பால் கொடுக்கும். சோதனைக்கு முந்திய மாதத்தில் டியூஷனுக்குப் பணத்தைக் கொட்டுவது ஆழ வெட்டுவதற்கு ஒப்பாகும். நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும்.

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று பெற்றோர் கலங்குகிறார்கள். கலங்க வேண்டியதில்லை. பிள்ளை வாசித்த பத்தியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். யார், எங்கே, எப்போது, ஏன், அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழிலேயே கேளுங்கள். தெளிவாகச் சொன்னால் அவனுக்குப் புரிந்திருக்கிறது. மென்று விழுங்கினால் புரியவில்லை. முன்னே சொன்ன அந்த வீட்டில், "யார் பதில் கொடுக்கணும்? எத்தனை நாளுக்குள்ளே? கொடுக்காவிட்டா என்ன ஆகும்?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால், அன்று மாலையே உண்மை வெளிப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்து ஒன்றும் அறியாத தாயும் இந்தச் சோதனையை நடத்தலாம். இதற்குச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் தேவையில்லை.

இனி, சங்கக் கிளைகளுக்கு நம் வேண்டுகோள். இன்று தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம் குடும்பங்கள் பல லயத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா வட்டாரங்களில் மலிவு விலை வீடுகளிலும் அடுக்கு மாடிகளிலும் குடியேறிவிட்டன. லயத்திலிருந்தபோது ஒரு வீட்டுப் பையன் படித்தால் பத்து வீட்டுப் பிள்ளைகளும் கூடிப் படித்தன. அடுக்கு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கஷ்டம் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே, தோட்டமானாலும் தாமானாலும், கோயில் மண்டபமோ பள்ளி வகுப்பறையோ கிளை அலுவலகமோ கிடைத்த இடத்தில், வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம் ஆங்கிலப் படிப்பகம் நடத்த வேண்டும். ஆறாம் படிவத்திலும் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகளே அதை நடத்தலாம். சொல்லிக் கொடுப்பவரும் அதனால் கற்பார். பழைய சோதனைத் தாள்களைப் படியெடுக்கும் செலவைக் கிளை ஏற்கட்டும். கைத்தொலைபேசியில் விளையாட்டுக்குப் பதில் அகராதி திறக்கட்டும். மாதம் ஒரு முறை ஒரு வேனில் பிள்ளைகளை ஏற்றி ஈப்போ தூன் ரசாக் நூலகத்துக்கு அழைத்துச் சென்று, ஆளுக்கொரு புத்தகம் கையில் கொடுத்தால் அது பெரிய தொண்டு.

"ஆங்கிலம் ஆங்கிலம் என்று சொல்லித் தமிழைக் கைவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். இல்லவே இல்லை. பேராக்கில் மட்டும் தமிழ்ப்பள்ளிகள் நூற்றுக்கு மேல் உண்டு. அவை நிலைத்து வாழ வேண்டும் என்பதே நம் உறுதி. தமிழில் ஒரு பத்தியைப் புரிந்து சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே ஆங்கிலப் பத்தியும் வசப்படும் என்பதை மேலே காட்டினோம். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த வீ. தி. சம்பந்தன், கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் கற்றவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தெருவில் நின்றபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானபோது அதன் பொதுச் செயலாளரான பி. பி. நாராயணன், 1962இல் மகசேசே விருது பெற்றார். 1975 முதல் 1992 வரை உலகச் சுதந்திரத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராகவும் விளங்கினார். முதலாளிகள் முன்னிலையில் ஆங்கிலத்தில் வாதாடவும், தொழிலாளர் முன்னிலையில் அவர்கள் மொழியில் பேசவும் தெரிந்த தலைவர்களால்தான் நம் இயக்கம் வளர்ந்தது. நாளைய தலைவர்கள் இன்று எந்த அடுக்கு மாடியில், எந்த விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்களோ, யார் கண்டார்?

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆங்கிலத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் குறைவின்றி வேண்டும். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அவ்விடம் காலியாகக் கிடக்கக் கூடாது. இந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. ஆனால் கோரிக்கை நிறைவேறும் வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. அவர்கள் செய்யவேண்டியதை அவர்கள் செய்யட்டும். நாம் செய்யக் கூடியதை இன்று மாலையே தொடங்குவோம்.

நம் பாட்டன்மார் எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். நம் தந்தையர் தமிழில் கையெழுத்திட்டார்கள்; எதில் கையெழுத்திடுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது. நம் பிள்ளைகளாவது தம் முன் வைக்கப்படும் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, புரிந்து, பிறகு பேனாவைத் திறக்க வேண்டும். கிளைச் செயலாளர்களே, பெற்றோர்களே, உங்கள் வட்டாரத்தில் படிப்பகம் என்றைக்கு, எங்கே கூடும் என்பதை நமக்கு எழுதுங்கள். மகிழ்ச்சியோடு இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.